பொருத்தம் பத்து, பொருந்தாமை பதினொன்று

பெண் பார்த்துவிட்டுத் திரும்பும் வண்டியிலேயே முடிவு பெரும்பாலும் ஆகிவிடுகிறது. "பெண் கொஞ்சம் கறுப்பு" என்பார் தாயார். "பையன் குட்டை, நம் பிள்ளையின் தோளுக்குத்தான் வருவான்" என்பார் மறுபக்கத்து அத்தை. ரஜ்ஜு தட்டுகிறது என்று சோதிடர் சொல்லியிருப்பார். இவற்றுள் ஒன்றும் வாய்க்காவிட்டால், "தோட்டத்து ஆட்கள் போலிருக்கிறது" என்ற ஒரு சொல் போதும். ஸ்ரீ கெம்பாங்கானின் அடுக்குமாடி வீடாயினும், பிரிக்பீல்ட்ஸின் பழைய வீடாயினும், கிள்ளானில் ஒரு தாமான் வீடாயினும் பேச்சு ஒன்றுதான். மறுநாள் போகும் விடை, "யோசித்துச் சொல்கிறோம்" என்பது. அதன் பொருள் இரு வீட்டாருக்கும் தெரியும்.

ஒருவரைத் துணையாகக் கொள்ள மனம் ஏன் மறுக்கிறது என்ற வினா புதியதன்று. இன்று கிடைக்கும் தமிழ் நூல்களுள் மிகத் தொன்மையானதாகப் போற்றப்படும் தொல்காப்பியம் இதற்கென்றே ஒரு நூற்பாவை ஒதுக்கியிருக்கிறது. அது மெய்ப்பாட்டியலின் முடிவை ஒட்டி வருகிறது. ஆயினும் மெய்ப்பாட்டியல் என்றவுடன் நகை, அழுகை முதலிய எட்டையும் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களம் கூறி, பாடம் அங்கே நின்றுவிடுவது வழக்கம். இயலின் கடைசிப் பகுதி வரை செல்வோர் சிலரே.

அங்கே அடுத்தடுத்து இரண்டு நூற்பாக்கள் நிற்கின்றன. முன்னது தலைவனும் தலைவியும் ஒத்திருக்க வேண்டிய பத்தைக் கூறுகிறது. பிறப்பு, ஆண்டு, உருவு, திரு போன்றனவும் நிறை, அருள், உணர்வு போன்றனவும் அதில் உள்ளன. திருமண வாழ்த்துரையில் தமிழறிந்தவர் ஒருவர் பேச எழுந்தால் இந்தப் பத்து வராமல் இராது. சோதிடரின் பத்துப் பொருத்தத்துக்கு மாற்றாக நம் முன்னோர் வகுத்த பத்து என்று சொல்லிக் கைதட்டலும் பெறலாம். பின்னது, அவ்விருவரிடமும் இருத்தலாகாதவற்றைக் கூறுகிறது. தனித்தனியே எண்ணினால் அவை பதினொன்று. வாழ்த்துரைகளில் இது அருகியே கேட்கப்படுகிறது. மணமேடையில் குற்றப் பட்டியல் எதற்கு என்ற தயக்கமாக இருக்கலாம். ஆயினும் இலக்கிய நோக்கில் முன்னதைவிடப் பின்னதே கூர்மையானது.

அந்தப் பதினொன்றில் சொல்லைப் பற்றியவை இரண்டு: கடுஞ்சொல்லாகிய வன்சொல், புறங்கூறுதலாகிய புறமொழி. செயலைப் பற்றியவை மூன்று: முயற்சியற்றிருக்கும் மடிமை, தன்னைக் காவாது சோரும் பொச்சாப்பு, மறப்பு. உள்ளத்தைப் பற்றியவை நான்கு: பொறாமையாகிய நிம்பிரி, பிறர்க்குக் கேடு சூழும் கொடுமை, தன்னைத்தானே பெரிதாக எண்ணும் வியப்பு, ஏழைமை. ஏழைமை என்பதற்கு இங்கே வறுமை என்று பொருளன்று. பேதைமை என்பதே உரை. இன்றைய மாணவர் இதைப் பணமின்மை என்று கொண்டால் தொல்காப்பியர் ஏழைகளைத் தள்ளினார் என்ற பழி வந்து சேரும். ஆசிரியர் இந்த ஒரு சொல்லிடத்தில் நின்று போவது நலம்.

இவற்றுள் பல திருக்குறளில் தனி அதிகாரங்களாகவே விரிகின்றன. அழுக்காறாமை 17ஆம் அதிகாரம், புறங்கூறாமை 19, பொச்சாவாமை 54, மடியின்மை 61, பேதைமை 84. இவற்றுள் ஒன்றேனும் காமத்துப்பாலில் இல்லை. முதலிரண்டு அறத்துப்பாலிலும் ஏனையவை பொருட்பாலிலும் நிற்கின்றன. வள்ளுவர் இல்லத்தானுக்கும் அரசனுக்கும் ஆகாதவை என்று விலக்கியவற்றை, அவருக்கு முன்னே தொல்காப்பியர் காதலர்க்கு ஆகாதவை என்று விலக்கியிருக்கிறார்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்தப் பதினொன்றில் ஒன்றேனும் உடம்பைப் பற்றியதன்று. நிறம் இல்லை, உயரம் இல்லை. ஒத்திருக்க வேண்டியவற்றில் உருவைச் சேர்த்த அதே ஆசிரியர், விலக்க வேண்டியவற்றில் உருவைச் சேர்க்கவில்லை. பிறப்பையும் அவ்வாறே. விரும்புதற்குக் காரணம் பிறப்பாகவும் அழகாகவும் இருக்கலாம். வெறுத்தற்குக் காரணம் நடத்தையாகவே இருத்தல் வேண்டும் என்பது இந்த இரு நூற்பாக்களையும் சேர்த்துப் படிப்பார்க்குப் புலனாகும் வேற்றுமை.

'குடிமை இன்புறல்' என்பதை இங்கே வைத்துப் பார்க்கவேண்டும். பதினொன்றில் அது ஒன்று. குடிமை முன்னைய பத்தில் ஒரு சிறப்பு. அக்குடிக்குரிய ஒழுக்கம் என்று அதற்கு உரை கூறுவர். அடுத்த நூற்பாவிலேயே, தன் குடியை எண்ணித் தானே மகிழ்ந்துகொள்வது குற்றமாகிவிடுகிறது. உயர்ந்த குடியில் பிறந்திருக்கலாம். அதற்குரிய ஒழுக்கத்தோடு இருக்கலாம். ஆனால் அதை நினைந்து இன்புறுபவன் காதலனாகத் தகான். முன் நூற்பாவில் கொடுத்ததைப் பின் நூற்பாவில் பறித்துக்கொண்டார் என்று சிலர் கருதக்கூடும். அவ்வாறன்று. இருப்பது வேறு, இருப்பதைப் பாராட்டிக்கொள்வது வேறு என்று பிரித்திருக்கிறார். "நாங்கள் இன்னார்; இன்ன இடத்தில்தான் பெண் எடுப்போம்" என்று தொடங்கும் பேச்சு, தொல்காப்பியர் கணக்கில், அந்த வீட்டுப் பிள்ளையையே தகுதியற்றவனாக்கும் பேச்சு. பெரியார் 1929இல் மலாயாவுக்கு வந்தபோதும், கோ. சாரங்கபாணி 1935இல் 'தமிழ் முரசு' தொடங்கியபோதும், இந்தக் குலப்பெருமையை எதிர்த்தே பேசவேண்டியிருந்தது. அதற்குப் பின் எத்தனையோ மாறிவிட்டன. மணமக்கள் தேவை என்னும் பத்தியில் சாதிப் பெயர் இன்னும் அச்சாகிறது.

'ஒப்புமை' என்ற குற்றமும் நுண்ணியது. தான் காதலித்தவரைப் போன்ற வேறொருவரைக் கண்டு, அவரைப் போலும் இவர் என நினைப்பது என்று பழைய உரைவழி அதற்குப் பொருள் கொள்வர். ஒப்பு வேண்டும் என்று முன் நூற்பாவில் சொன்னவர், ஒப்பிடாதே என்று இங்கே சொல்கிறார். இருவரும் ஒருவரோடொருவர் ஒத்திருக்கலாம்; மூன்றாமவர் ஒருவரை இடையில் கொண்டுவந்து அளக்கலாகாது. மூத்த மருமகளின் நிறத்தையும் சம்பளத்தையும் வைத்து இளையவளைத் தேடும் வீடுகளுக்கு இந்தச் சொல் பொருந்தும். கைப்பேசியில் ஒரு படத்தை விரலால் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கும் இளைஞர்க்கும் பொருந்தும். அங்கே ஒப்புமை தவிர வேறு தொழிலே இல்லை.

இவை இலக்கியத் தலைமக்களுக்குச் சொன்னவை, மணப்பேச்சுக்குச் சொன்னவையல்ல என்ற மறுப்பு எழலாம். அது உண்மையே. தொல்காப்பியம் செய்யுள் செய்வார்க்கு நெறி கூறும் நூல். ஆனால் புலவன் ஒருவன் தன் தலைவனுக்கு எதை ஏற்றிச் சொன்னால் கேட்போர் அவனைக் காதலன் என்று நம்பமாட்டார்களோ, அதுவே அந்த மக்களின் உண்மையான வெறுப்பு. சோம்பேறியாகக் காட்டினால் நம்பமாட்டார்கள்; புறங்கூறுபவனாகக் காட்டினால் நம்பமாட்டார்கள்.

அன்றியும், இந்தக் குற்றங்கள் ஒரு நாளில் தெரிபவையல்ல. களவில் தலைவனும் தலைவியும் பலமுறை சந்திக்கிறார்கள். வருவதாகச் சொன்ன இரவில் தலைவன் வராமற்போவதும், வரைவை நீட்டிப்பதும், தோழி அதைக் கண்டு கடிந்துகொள்வதும் அகப்பாடல்களில் மிகப் பல. மறப்பும் மடிமையும் அங்கே தாமே வெளிப்பட இடமுண்டு. பெண் பார்க்கும் சடங்கில் அதற்கு இடமேது? கேசரி ஆறுவதற்குள் எழுந்துவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் எல்லாருமே இன்சொல் பேசுபவர்கள், எல்லாருமே சுறுசுறுப்பானவர்கள். குணத்தைக் காண வழியில்லாத கண் நிறத்தைக் காண்கிறது. அளக்கத் தக்கது வேறொன்றும் இல்லாமையால் உயரத்தை அளக்கிறது. நிறத்தால் தள்ளப்படும் பெண்ணுக்கு நேரும் கொடுமையில் பாதி, பார்ப்பவரின் மனத்தால் நேர்வது. மறுபாதி, பார்க்கும் முறையால் நேர்வது.

நிறத்தைப் பற்றி மேலும் ஒன்று கூறவேண்டும். சங்கப் பாடல்களில் தலைவியின் அழகுக்குப் பெயர் மாமை. மாந்தளிரை நினைவூட்டும் நிறம் அது. கரிய நிறத்தாள் என்னும் பொருளுடைய 'மாயோள்' என்ற சொல் காதலோடு சொல்லும் சொல்லாகவே வருகிறது. பிரிவுத் துயரால் மேனி வெளிறிப்போவதற்குப் பசலை என்று பெயர், அது நோய். திருக்குறளில் 119ஆம் அதிகாரம் முழுதும் அந்த நோயைப் பற்றியதே. வெளிறிய நிறத்தைத் துன்பமாகவும் கரிய நிறத்தை வனப்பாகவும் கண்ட மொழியில், "சிவந்த பெண் தேவை" என்று விளம்பரம் எழுதுவோர் எந்த மரபைக் காப்பதாகச் சொல்லமுடியும்?

வடமொழியில் மனு தருமம் மூன்றாம் அத்தியாயத்தில் மணக்கத்தகாத பெண்களை அடுக்குகிறது. செம்பட்டை நிறத்தினள், மிகை உறுப்புடையாள், நோயாளி, மயிர் இல்லாதவள் அல்லது மிகுந்தவள், வாயாடி, செங்கண்ணள் என்று அது செல்கிறது. விண்மீன், மரம், ஆறு, மலை, பறவை, பாம்பு ஆகியவற்றின் பெயரைக் கொண்டவளும் ஆகாள். கிள்ளான் பள்ளத்தாக்கின் பள்ளிப் பதிவேடுகளில் உள்ள ரோகிணிகளும் காவேரிகளும் அந்தக் கணக்கில் தப்பமாட்டார்கள். நகைப்பை ஒதுக்கிவிட்டு நோக்கினால் வேறுபாடு விளங்கும். அங்கே தேர்பவன் ஆண், தேரப்படுபவள் பெண். தொல்காப்பியரின் பதினொன்றோ இருவர்க்கும் பொது. கேட்பவர் தம்மிடம் அவை உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டியவராகிறார்.

மேலைநாட்டு உளநூலார் சிலர் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, துணை தேடுவோர் விலக்கும் குணங்களை ஆராய்ந்தது. நல்ல குணங்கள் ஈர்ப்பதைவிடத் தீய குணங்கள் விலக்குவதே வலிமை மிக்கது என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. சோம்பல் அதில் முன்வரிசையில் நின்றது. தூய்மையற்ற தோற்றமும் அவ்வாறே நின்றது. மடிமையை அவர்களும் கண்டார்கள். தோற்றத்தைத் தொல்காப்பியர் தம் பட்டியலில் சேர்க்கவில்லை.

இவ்வளவும் சொல்லித் தொல்காப்பியரைச் சமநீதியின் தந்தையாக்கிவிடுவது திறனாய்வாகாது. தலைவியினும் தலைவன் உயர்ந்தவனாக இருக்கலாம் என்று களவியலில் இடம் விடுகிறார். தலைவி உயர்ந்தவளாக இருக்க அவ்வாறு இடம் விடவில்லை. இதனினும் பெரிய கதவொன்று அகத்திணையியலில் அடைபட்டிருக்கிறது. பிறர்க்கு ஏவல் செய்யும் அடியோரும் வினைவலரும் காதலிக்கலாம், தடையில்லை. ஆனால் அவர்கள் காதல் நடுநின்ற ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளை பெருந்திணைகளில் நிற்கும். பதினொரு குற்றமும் இல்லாதவராயினும் கூலிக்கு உழைப்பவர் ஐந்திணைத் தலைமக்களாதல் இல்லை.

மலேசியத் தமிழர் இந்த இடத்தை விரைந்து கடக்க இயலாது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிந்து, கங்காணி வழி ஆள் வருகை 1938இல் நின்றது வரை, இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழருள் மிகப் பெரும்பாலோர் வினைவலரே. "தோட்டத்து ஆட்கள்" என்று முகஞ்சுளிப்போர் பலரின் பாட்டன்மாரும் அவர்களே.

கலித்தொகையின் மருதக்கலியில் 94ஆம் பாட்டு இத்தகைய இருவரைப் பற்றியது. அரண்மனையில் ஏவல் செய்யும் கூனி ஒருத்தி, குறளன் ஒருவன். அவன் அவளை விரும்பி நெருங்குகிறான். அவள் அவன் குள்ளத்தை இகழ்கிறாள். அவன் அவள் கூனை இகழ்கிறான். ஸ்ரீ கெம்பாங்கான் வண்டியில் கேட்கும் சொற்களைவிடக் கடுமையான சொற்கள் இருவர் வாயிலும் வருகின்றன. பிறகு இகழ்ச்சி ஓய்கிறது. இனி ஒருவரை ஒருவர் பழிப்பதில்லை என்று இசைகிறார்கள். தழுவிக்கொள்ள அரண்மனையில் இடமில்லை, கண்டவர்கள் சிரிப்பார்கள். ஆகவே வெளியே உள்ள சோலைக்குப் போகிறார்கள்.