கடை கைவிட்டபோது: ப. சிங்காரத்தின் நண்பர்கள்

ப. சிங்காரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் போர் வரும். அடுத்து அவருடைய மொழி, அங்கதம், தமிழ்ப் பெருமையைப் போட்டு உடைக்கும் விதம். எல்லாம் சரிதான். ஆனால் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்குத் தட்டுப்பட்டது வேறு. நாளைக்கு என்ன ஆகும் என்று ஒருத்தருக்கும் தெரியாத காலத்தில் நண்பர்கள் எதற்கு ஆவார்கள் என்று இந்த நாவல்கள் கேட்கின்றன.

அந்த நட்பு முளைக்கும் இடம் வட்டிக்கடை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிவரிசை உள்ள இடம். வழக்கமாக மூன்று வருடத் தவணைக்குக் கப்பலேறி வந்தவர்கள். குடும்பம் ஊரில். இன்றைய பேச்சில் சொன்னால் எல்லாருமே கான்ட்ராக்ட் ஆட்கள். 1941 டிசம்பரில் பினாங்கில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் தவணைக் கணக்கெல்லாம் போச்சு. ஊருக்குத் திரும்ப வழியில்லை. மிச்சம் இருந்தது பக்கத்துப் பெட்டியடியில் உட்கார்ந்திருந்த ஆள்தான்.

'கடலுக்கு அப்பால்' செல்லையா இந்திய தேசிய ராணுவத்திலிருந்து பினாங்குக்குத் திரும்புகிறான். முன்பு மகள் மரகதத்தைக் கொடுப்பதாக இருந்த முதலாளி வயிரமுத்துப் பிள்ளை இப்போது மறுக்கிறார். பட்டாளத்துக்குப் போனவன் கடைக்கு ஆகமாட்டான் என்பது அவர் கணக்கு. அவரை வில்லன் என்று சொல்ல முடியாது. சமூகம் எப்போதும் ஆளை இப்படித்தான் எடை போடுகிறது, இவனால் நமக்கு என்ன பயன் என்று.

மாணிக்கம் அப்படி எடை போடவில்லை. ஆனால் அவனால் கல்யாணத்தை நடத்திக் கொடுக்கவும் முடியவில்லை. 'எல்லாம் சரியாயிடும்' என்ற பொய்யை அவன் சொல்வதில்லை. இழந்ததை இழந்ததாகவே ஏற்க வைத்து, மனசை மட்டும் விட்டுவிடாதே என்கிறான். நட்பின் வேலை இவ்வளவுதானா என்று கேட்கலாம். இவ்வளவுதான், இதுவே பெரிது என்பது சிங்காரத்தின் பதில்.

'புயலிலே ஒரு தோணி'யில் இது இன்னும் கறாராக வருகிறது. ஜப்பானியர் ஆட்சியில் வெளியே வாயைத் திறக்கப் பயம். உள்ளே குடித்துக்கொண்டு பாண்டியனும் நண்பர்களும் தமிழர் வரலாற்றையே கிழிக்கிறார்கள். ஒருத்தன் சொன்னதை இன்னொருத்தன் மறுக்கிறான், யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போவதில்லை. அந்த நட்பும் பாண்டியனைக் காப்பாற்றவில்லை. கடைசியில் அவன் இந்தோனேசிய மண்ணில் சுடப்பட்டுச் சாகிறான்.

என் தலைமுறைக்கு இது புரியும். 2021இல் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினால் முகம் தெரியாதவர்கள் அரிசி கொண்டுவந்து வைத்தார்கள். சமூகம் அன்று உண்மையிலேயே வேலை செய்தது. ஆனால் பசிக்குத்தான் கொடி இருந்தது. என்னோடு எஞ்சினியரிங் படித்த இரண்டு பேருக்கு அப்போது கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. வாட்ஸாப் குழுவில் நம்பிக்கை வாசகங்கள் கொட்டின. அவர்கள் தேடியது அது இல்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் போன் அடித்தால் எடுத்து, 'ஆமாடா, மோசம்தான்' என்று சொல்லும் ஒரு மாணிக்கத்தை.

சிங்காரத்திடம் எனக்கு ஒரு குறை உண்டு. அவருடைய நண்பர்கள் வட்டம் சின்னது. எல்லாரும் ஆண்கள், பெரும்பாலும் கடை ஆட்கள். அதே போரில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழர்களுக்கு இந்த மேசையில் நாற்காலி இல்லை. மரகதமும் செல்லையா இழந்த அளவுக்கு இழக்கிறாள். அவளுக்கு ஒரு மாணிக்கம் இல்லை. ஒரு பக்கம் நட்பை இவ்வளவு நுட்பமாக எழுதியவர், இன்னொரு பக்கத்தைக் கண்ணீரோடு விட்டுவிடுகிறார்.

இதுவரை சிங்காரத்தைப் படிக்காதவர்கள் பெரிய நாவலுக்குப் போகுமுன் 'கடலுக்கு அப்பால்' படியுங்கள். மரகதம் வரும் பக்கங்களில் மட்டும் கொஞ்சம் நிதானமாக.