360 டிகிரி பின்னூட்டம்: அந்த மார்க் யாருடையது?

சில வருடங்களுக்கு முன்பு, டீம் லீடாக இருந்தபோது, முதல் முறையாக ஒரு 360 டிகிரி ரிப்போர்ட் என் கைக்கு வந்தது. மேனேஜர், சக லீடுகள், நம் கீழே வேலை பார்ப்பவர்கள் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் நம் தலைமைப் பண்புக்கு மார்க் போடுவார்கள். டீம்காரர்கள் யார் என்ன போட்டார்கள் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். "மற்றவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார்" என்பதற்கு எனக்கு ஐந்துக்கு 2.8. கீழே ஒரு வரி: "முடிவெடுத்துவிட்டுத்தான் கருத்து கேட்கிறார்."

டீமில் மொத்தமே ஐந்து பேர். எழுதியது யார் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். அந்தப் பையனிடம் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாள் கழித்து, டீமில் இருந்த இன்னொருவர் டீக்கடையில் வைத்து சொன்னார்: "சார், அந்த வரி நான் எழுதினது."

அந்த உறுத்தலில்தான் இது பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் உளவியல் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு கருவி எதை அளக்கிறது என்று கேட்பது எந்த இன்ஜினியருக்கும் வருகிற கேள்விதானே?

2000-ல் ஸ்கல்லன், மவுண்ட், கோஃப் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கேட்டது. 4,492 மேனேஜர்களுக்கு மேலே, பக்கத்தில், கீழே இருப்பவர்கள் போட்ட மார்க்குகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். மார்க்குகளுக்கு இடையே இருந்த வேறுபாட்டில் பெரும்பகுதி, ஒரு தரவுத்தொகுப்பில் 62 சதவீதம், இன்னொன்றில் 53 சதவீதம், மார்க் போட்டவரின் தனிப்பட்ட பார்வையிலிருந்து வந்தது. சிலர் தாராளமாகப் போடுவார்கள், சிலர் கறாராக. ஒருவரைப் பிடித்துவிட்டால் எல்லாக் கேள்விக்கும் நாலு. ஆக, அந்த 2.8 என்னைப் பற்றிச் சொல்வதைவிட போட்டவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

"சராசரி எடுத்தால் சரியாகிவிடும்" என்பார்கள். பாதி உண்மை. ஒருவரை ஒருவர் பாதிக்காத நாலு பேரின் சராசரி எடுத்தால் பிழை பாதியாகக் குறையும், காணாமல் போகாது. அதிலும் ஒரே கேண்டீனில் சாப்பிட்டு ஒரே மேனேஜரைத் திட்டும் நாலு பேர் எப்படி தனித்தனி அளவீடு ஆவார்கள்? இந்த நிலையில் 3.4-ஐயும் 3.6-ஐயும் ஒப்பிட்டு யார் நல்ல தலைவர் என்று தீர்மானிப்பது எனக்கு அபத்தமாகத்தான் படுகிறது.

அளப்பதற்கு மட்டும் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. மத்திய அரசில் உயர் பதவிகளுக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க 360 டிகிரி முறை வந்தது. அதில் வெளிப்படைத்தன்மை இல்லை, தனிப்பட்ட கருத்துக்கு இடம் தருகிறது என்று 2017-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவே குறை சொன்னது.

அப்போ பின்னூட்டமே வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியாது. 1996-ல் க்ளூகரும் டெனிசியும் பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்தார்கள். சராசரியாகப் பார்த்தால் பலன் இருக்கிறது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட இடங்களில் செயல்திறன் குறைந்திருந்தது! கவனம் வேலையை விட்டு "நான் யார்" என்பதன் பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். எனக்கு நடந்தது அச்சு அசல் அதுதான்.

எனக்குப் பிடித்தது 1999-ல் வந்த வாக்கர், ஸ்மிதர் ஆய்வு. 252 மேனேஜர்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய்த் தன் டீமிடம் உட்கார்ந்து பேசியவர்கள், பேசாதவர்களைவிட அதிகம் முன்னேறினார்கள். ஒரே ஆளை எடுத்துக்கொண்டாலும், பேசிய வருடத்தில் வந்த முன்னேற்றம் பேசாத வருடத்தில் வரவில்லை. ஆக, பலன் இருப்பது ரிப்போர்ட்டுக்குப் பிறகு நடக்கிற பேச்சில்.

பல நிறுவனங்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன என்பது என் வாதம். "வளர்ச்சிக்காக" என்று சொல்லி ஆரம்பித்து, மெதுவாக அதே மார்க்கை இன்கிரிமென்ட்டுக்கும் புரொமோஷனுக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். சம்பளம் உள்ளே வந்ததும் போடுபவர் ஜாக்கிரதையாகிவிடுகிறார், வாங்குபவர் ஆளைத் தேட ஆரம்பித்துவிடுகிறார். அப்புறம் யார் யாரிடம் மனம் விட்டுப் பேசுவார்கள்?

அந்த 2.8 சரியான மார்க்கா என்று சொல்ல வழியில்லை. ஆனால் அந்த வரி சரியானது. அதைப் படித்ததும் நான் செய்த முதல் காரியம் என்ன? ஒருத்தரையும் கேட்காமல் முடிவெடுத்ததுதான்.