சாம்பியனின் ஸ்ட்ரிங்கும் நம் முழங்கையும்

டென்னிஸ் ராக்கெட் வாங்க நினைப்பவர்கள் ஃப்ரேமைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். தலை 98 சதுர அங்குலமா, 100 சதுர அங்குலமா, எடை 285 கிராமா, 300 கிராமா என்று விசாரிக்கிறார்கள். நண்பரிடம் இரவல் வாங்கி ஆடிப் பார்க்கிறார்கள். ஸ்ட்ரிங் என்று வந்தால் மட்டும் பேச்சு அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. "பாலி போடுங்க, 55 பவுண்டு." பந்தைத் தொடுவதோ ஸ்ட்ரிங் ஒன்றுதான். அடி வாங்கும் கைக்கும் அடி வாங்கும் பந்துக்கும் நடுவே நிற்பதும் அதுதான். அதை இவ்வளவு அலட்சியமாக, அதுவும் தொலைக்காட்சியில் பார்க்கும் வீரர்களைப் பின்பற்றித் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தில் நியாயம் எவ்வளவு, கேடு எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிரான்சின் லியோன் நகரில் பாபோலா நிறுவனம் 1875இல் டென்னிஸ் ஸ்ட்ரிங் செய்யத் தொடங்கியதிலிருந்து நூறாண்டுக்கு மேல், பெரிய வீரர்களின் ராக்கெட்டில் இருந்தது விலங்குக் குடலில் செய்த ஸ்ட்ரிங். பீட் சாம்ப்ராஸ் கடைசிவரை அதைத்தான் நம்பினார். சாதாரண ஆட்டக்காரர்களுக்கு நைலான். 1997 பிரெஞ்சு ஓபனில் இந்த ஏற்பாடு கலைந்தது. தரவரிசையில் 66ஆம் இடத்திலிருந்த பிரேசில் வீரர் குஸ்தாவோ குயெர்தன், மஸ்டர், காஃபெல்னிகோவ், புரூகுவேரா என்ற மூன்று முன்னாள் சாம்பியன்களைத் தோற்கடித்துக் கோப்பையை வென்றார். அவர் ராக்கெட்டில் இருந்தது பெல்ஜியத்தின் லக்ஸிலான் நிறுவனம் தயாரித்த பாலியெஸ்டர், சுருக்கமாகப் 'பாலி'. அடுத்த பத்தாண்டுக்குள் அது தொழில்முறை ஆட்டத்தின் பொதுச் சொத்தாகிவிட்டது.

பாலியின் பலத்தைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. மட்டை கீழிருந்து மேலாகப் பந்தை உரசும்போது நெடுக்கு ஸ்ட்ரிங்குகள் பக்கவாட்டில் நகர்கின்றன. பந்து ராக்கெட்டில் தங்குவது ஒரு நொடியின் இருநூறில் ஒரு பங்கு நேரம். அதற்குள் பாலி, குறுக்கு ஸ்ட்ரிங்குகள்மேல் வழுக்கிப் பழைய இடத்துக்கே துள்ளித் திரும்பிவிடுகிறது. அந்தத் துள்ளல்தான் பந்துக்குக் கூடுதல் சுழற்சியைத் தருகிறது என்பதை சிட்னி இயற்பியலாளர் ராட் கிராஸ் போன்றவர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். நைலான் நகரும், ஆனால் உராய்வில் மாட்டிக்கொண்டு நகர்ந்த இடத்திலேயே நின்றுவிடும். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் ஸ்ட்ரிங்கை விரலால் நேராக்கிக்கொண்டிருந்தது இதனால்தான்.

இந்த உத்தி புதிதல்ல. 1977இல் 'ஸ்பகெட்டி' ராக்கெட் என்று ஒன்று வந்தது. குறுக்கு ஸ்ட்ரிங்குகளோடு பின்னாமல் இரண்டு அடுக்காக நெடுக்கு ஸ்ட்ரிங் போட்டு, அவை தாராளமாக நகரும்படி செய்திருந்தார்கள். அந்த ஆண்டு பிரெஞ்சு ஓபனையும் அமெரிக்க ஓபனையும் வென்ற கியேர்மோ வில்லாஸ், எதிரே ஆடிய நஸ்தாசேயின் கையிலிருந்த அந்த ராக்கெட்டின் சுழற்சியைச் சமாளிக்க முடியாமல் எக்ஸ்-ஆன்-ப்ராவான்ஸ் நகரில் ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேறினார். சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் அதைத் தடை செய்தது. ஸ்பகெட்டி விதியை மீறிச் செய்ததில் ஒரு பங்கைப் பாலி விதிக்குள் நின்றே செய்கிறது. முழு வீச்சில் அடித்தாலும் பந்து கோட்டுக்குள் விழுகிறது. எளிதில் அறாததால், வாரம் ஒரு ஸ்ட்ரிங்கை அறுத்துத் தள்ளும் இளைஞனுக்குப் பணமும் மிச்சம்.

ஆனால் இந்தப் பலன் எல்லாம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. ஸ்ட்ரிங் நகர்ந்து துள்ள வேண்டுமென்றால் வீச்சு வேகமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரட்டையர் ஆட்டம் ஆடும் ஐம்பது வயதுக்காரரின் குட்டை வீச்சு பாலியை அவ்வளவாக அசைப்பதில்லை. அதன் சுழற்சி அவருக்குக் கிடைக்காது. அதன் விறைப்பு மட்டும் முழுதாகக் கிடைக்கும். விறைப்பான ஸ்ட்ரிங், விறைப்பான ஃப்ரேம், நடுவை விட்டுத் தள்ளிப் படும் பந்து இவை மூன்றும் சேர்ந்தால் அதிர்ச்சி முன்கை வழியாக முழங்கையின் வெளிப்புறத்துத் தசைநாருக்குப் போகிறது. டென்னிஸ் எல்போ வந்தவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது ராக்கெட்டில் என்ன ஸ்ட்ரிங் என்பதைத்தான். ஸ்ட்ரிங்கின் அடியில் செருகும் ரப்பர் டாம்பனர் இதற்கு மருந்தாகாது. அது சத்தத்தைத்தான் அடக்கும். கைக்குப் போகும் அதிர்ச்சியைத் தடுக்காது.

இதைவிடப் பெரிய குறை, பாலி அறுவதற்கு முன்பே செத்துவிடுவது. நைலானைவிட அது வேகமாக டென்ஷனை, அதாவது இழுத்துக் கட்டிய இறுக்கத்தை, இழக்கிறது. வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் கிடந்தால் இன்னும் வேகமாக. பத்திருபது மணி நேர ஆட்டத்திலேயே துள்ளல் போய்விடும். தொழில்முறை வீரர்களுக்கு இது ஒரு பிரச்சினையே அல்ல. முதல் ஏழு கேம்கள் முடிந்ததும், பிறகு ஒன்பது கேம்களுக்கு ஒருமுறையும் புதுப் பந்து வரும். பலர் அப்போதே புது ராக்கெட்டையும் எடுத்துக்கொள்வார்கள். கிளப் ஆட்டக்காரரோ அறுகிறவரை ஆடுகிறார். அறாமல் உழைக்கிறது என்று பெருமைப்படுகிறார். பாலியில் நெடுக்கு ஸ்ட்ரிங்குகள் நகர்ந்த இடத்திலேயே கோணலாக நிற்கத் தொடங்கினால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். அந்த நிலையில் மாதக்கணக்கில் ஆடுவது, பாலியின் நன்மைகளைத் துறந்து தீமைகளை மட்டும் வைத்துக்கொள்வது.

ஸ்ட்ரிங் போடும் வேலையை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் '55 பவுண்டு' என்ற எண்ணின் மேல் உள்ள நம்பிக்கையும் தளரும். முதலில் தலையை மெஷினில் ஆறு இடங்களிலோ இரண்டு இடங்களிலோ இறுக்கிப் பிடிக்கிறார்கள். நடுவிலிருந்து இருபக்கமும் நெடுக்கு ஸ்ட்ரிங்கை ஒவ்வொன்றாக இழுத்து, கிளாம்ப் போட்டு, அடுத்ததற்குப் போகிறார்கள். பிறகு பாவில் ஊடை கோப்பதுபோல ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று குறுக்கு ஸ்ட்ரிங்கைப் பின்னுகிறார்கள். 16 நெடுக்கு, 19 குறுக்கு என்றால் முந்நூறு இடங்களில் உராய்வு. குறுக்கில் இழுத்த பவுண்டு முழுதாகத் தங்குவதில்லை. கையால் சுற்றும் கிராங்க் மெஷின், கேட்ட அளவைத் தொட்டதும் பூட்டிக்கொள்ளும்; அதன்பின் ஸ்ட்ரிங் சற்றே தளர்ந்துகொள்ளும். எலக்ட்ரானிக் மெஷின் கிளாம்ப் போடும்வரை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு கடையின் 55 இன்னொரு கடையின் 55 அல்ல. ஒரே ஆளிடம், ஒரே மெஷினில் போட்டுக்கொண்டு அங்கிருந்து இரண்டு இரண்டு பவுண்டாகக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதே பயன்தரும் வழி. நைலானிலிருந்து பாலிக்கு மாறுகிறவர் பத்து சதவீதமாவது குறைத்துப் போடச் சொல்ல வேண்டும்.

டென்ஷனைக் குறைத்தால் பந்து பறந்துவிடும் என்ற பயமும் மிகையானது. விதிப்படி 254 செ.மீ. உயரத்திலிருந்து போட்ட பந்து 135 முதல் 147 செ.மீ. வரைதான் எழும்ப வேண்டும். அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவான ஆற்றல் பந்துக்குள்ளேயே தொலைந்துவிடுகிறது. ஸ்ட்ரிங்கோ வாங்கியதில் 90 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தருகிறது. சில பவுண்டு குறைப்பதால் வேகம் கொஞ்சம்தான் கூடும். பந்து சற்று மேல்நோக்கிக் கிளம்பும், நீளம் கூடும். சில நாள் பழகினால் கை அதைச் சரிசெய்துகொள்ளும்.

பாலிக்கு மாற்று இல்லாமல் இல்லை. பல மெல்லிய இழைகளால் ஆன மல்டிஃபிலமென்ட் மென்மையானது, சீக்கிரம் பிய்ந்து அறும், ஆனால் அறுகிறவரை கையைக் காக்கும். குடல் ஸ்ட்ரிங் டென்ஷனைத் தக்கவைப்பதில் எல்லாவற்றையும் மிஞ்சும். விலையோ பல நைலான் செட்டுகளுக்குச் சமம். ஈரமும் அதற்கு ஆகாது. மழைக்காலச் சென்னையில் எல்லாருக்கும் அதைப் பரிந்துரைக்க மனம் வராது. பாலியையும் மென்மையான ஸ்ட்ரிங்கையும் கலக்கும் ஹைப்ரிட் நல்ல சமரசம்தான். ஆனால் ஃபெடரர் நெடுக்கில் குடலையும் குறுக்கில் பாலியையும் வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். ராக்கெட்டின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நெடுக்கு. அங்கே பாலியைப் போட்டுவிட்டுக் குறுக்கில் நைலானைப் பின்னினால் கைக்குக் கிடைக்கும் நிம்மதி குறைவு.

எனக்கு மிகவும் கவலை தருவது குழந்தைகள். பயிற்சி முகாம்களில் பத்து வயதுப் பிள்ளைகளின் ராக்கெட்டில் பாலி இருப்பதைப் பார்க்க முடிகிறது. எலும்பும் தசையும் வளர்ந்துகொண்டிருக்கும் வயது அது. நைலானையே அறுக்கத் தெரியாத வீச்சு அது. அடிக்கடி அறாது என்ற ஒரே காரணத்துக்காக விறைப்பான ஸ்ட்ரிங்கைப் போட்டுக் கொடுப்பது சிக்கனமல்ல. பிள்ளை நைலானை வாராவாரம் அறுக்கத் தொடங்கட்டும், அப்போது பாலியைப் பற்றிப் பேசலாம்.

பாலி மோசமான ஸ்ட்ரிங் அல்ல. அது ஒரு குறிப்பிட்ட கைக்காக, குறிப்பிட்ட வீச்சுக்காக, அடிக்கடி மாற்றும் வசதி உள்ளவர்களுக்காகப் பிறந்தது. தவறு நாம் தேர்ந்தெடுக்கும் வரிசையில் இருக்கிறது. சாம்பியனிடம் தொடங்கி ஃப்ரேமுக்கு வந்து, அங்கிருந்து ஸ்ட்ரிங்குக்கு இறங்கி, வலி வந்த பிறகு கையை நினைக்கிறோம். இதைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் கை: வயது என்ன, பழைய வலி உண்டா? அடுத்து வீச்சு: முழுதா, குட்டையா, மாதத்தில் எத்தனை செட் அறுகிறது? பிறகு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றக் கையில் பணம் இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் ஸ்ட்ரிங் எது என்பது தானே தெரியும். ஃப்ரேமைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஸ்ட்ரிங் போடுகிறவர்களும் கோச்சுகளும் பவுண்டைக் கேட்பதற்கு முன் இந்த மூன்று கேள்விகளைக் கேட்கத் தொடங்கினாலே, வலியால் டென்னிஸை விட்டு விலகுகிறவர்களில் பலரைக் கோர்ட்டிலேயே வைத்திருக்க முடியும்.