பூட்டும் கைக்கு அளவுகோலும் வேண்டும்

ஜெனீவா அருகே பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் வட்டமாக ஓடும், செர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி. துகள்முடுக்கி பல நாடுகளின் கைவேலை. பணத்தோடு பாகங்களையும் ஆள்பலத்தையும் பங்காகத் தரும் ஏற்பாடு அது. 1996 ஒப்பந்தப்படி இந்தியா கொடுத்தவற்றில் 1,700-க்கும் மேற்பட்ட மீகடத்தித் திருத்தக் காந்தங்கள் அடங்கும். இந்தூரிலுள்ள இன்றைய ராஜா ராமண்ணா மையம் பொறுப்பேற்க, இந்தியத் தொழிற்சாலைகள் அவற்றைச் செய்தன.

இந்த முறையின் பெரிய பலன் தொழில்திறன்தான். நியோபியம்-டைட்டானியம் கம்பியைச் சீராகச் சுற்றவும், திரவ ஹீலியத்தில் அமிழ்த்திச் சோதிக்கவும் கைகள் பழகின. ஆனால் அந்தக் காந்தங்களின் வடிவமைப்பு செர்னுடையது. அந்தக் குறை பின்னர் ஓரளவு நீங்கியது: அமெரிக்க ஃபெர்மி ஆய்வகத்தின் பிப்-2 முடுக்கியில் இந்திய நிறுவனங்களுக்கு வடிவமைப்பிலும் பங்கு உண்டு.

இன்னொரு குறை, பாகங்கள் சேரும் இடத்தில் இருக்கிறது. பெரிய காந்தங்களை ஒவ்வொன்றாகக் குளிரில் சோதித்தார்கள். சுரங்கத்துக்குள் அவற்றை இணைத்துப் பற்றவைத்த இடங்களுக்கு அப்படிப்பட்ட தனிச்சோதனை இல்லை. 2008 செப்டம்பர் 19 அன்று அப்படியோர் இணைப்பு கைவிட்டது. அது இந்தியப் பாகமல்ல. ஒரு நானோ ஓமுக்கும் குறைவாக இருக்கவேண்டிய மின்தடை, ஏறத்தாழ 200 நானோ ஓம் இருந்தது. 8,700 ஆம்பியர் பாய்ந்தபோது அங்கே பிறந்த வெப்பம் சுமார் 15 வாட். ஒரு சிறு விளக்கின் அளவுதான். மின்தடையின்றிக் கடத்தும் மீகடத்துத் தன்மை போக அதுவே போதும். மின்பொறி ஹீலியக் கலத்தைத் துளைத்தது. டன் கணக்கில் ஹீலியம் வெளியேறியது. 53 காந்தங்களைப் பழுதுபார்க்க வெளியே எடுத்தார்கள். ஓராண்டுக்கு மேல் முடுக்கி ஓடவில்லை. பின்னர் 2013-14இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைச் செப்புத்துண்டு வைத்து வலுப்படுத்தினார்கள்.

மலாக்காவில் வாழும் தமிழர்களான நாம் இதைக் கவனித்துப் படிக்கவேண்டும். தோட்டப்புறத்திலிருந்து பத்து பெரெண்டாம் மின்னணு ஆலைகளுக்குப் போன நம் பெண்களின் உழைப்பை, “பூட்டுற வேலைதானே” என்று நாமே குறைத்துப் பேசியிருக்கிறோம். உலகின் மிகப் பெரிய இயந்திரத்தை நிறுத்தியது பூட்டும் வேலையில் நேர்ந்த ஒரு பிசகு. அதற்காகப் பழியைக் கைகளின்மேல் போடுவது நியாயமல்ல. செய்ததை உடனே அளந்து பார்க்கும் கருவியும், ஏன் இப்படிச் செய்கிறோம் என்ற விளக்கமும் அந்தக் கைகளுக்குக் கிடைக்கவேண்டும். அவற்றைத் தராத கூட்டுமுயற்சி உழைப்பை வாங்கிக்கொள்ளும், அறிவைப் பகிராது.