மலைபடுகடாம் காட்டும் வழிச்செலவும் அண்ணாமலை மலைவலமும்

பத்துப்பாட்டினுள் இறுதிக்கண் வைக்கப்பெற்ற மலைபடுகடாம் 583 அடிகளால் இயன்ற ஆற்றுப்படை. கூத்தராற்றுப்படை என்பது அதற்கு வழங்கும் மற்றொரு பெயர். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இப்பாட்டின் தலைவன், செங்கண்மாவிலிருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னன். செங்கண்மா இன்று செங்கம் என வழங்குகிறது. திருவண்ணாமலைக்கு மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பாட்டிற் கூறப்படும் சேயாறே இன்றைய செய்யாறு. நவிரமலையை இம்மாவட்டத்துப் பருவதமலையாகக் கொள்வார் பலர். ஆகவே, திருவண்ணாமலை வட்டாரத்திற்கு நமக்குக் கிடைத்துள்ள பழைய வழிநூல் மலைபடுகடாமே எனலாம். ஆயினும் அண்ணாமலையை வலம் வருவோர் இப்பாட்டினை நினைப்பதில்லை. இப்பாட்டினைப் பாடஞ்சொல்வோர் வலம் வரும் பாதையை நினைப்பதில்லை. இரண்டனையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு முன்னர், இக்காலத்துப் பெருகிவரும் ஒரு கருத்தினை ஆராய்தல் வேண்டும். பண்டைத் தமிழர் சுற்றுச்சூழலைப் பேணிக் காத்தனர் என்றும், இயற்கைக்கு ஊறு செய்யாது வாழும் நெறியைச் சங்கப் பாடல்கள் கற்பிக்கின்றன என்றும் பலர் எழுதுகின்றனர். தனிநாயக அடிகளார் 1953-இலும் மு. வரதராசனார் 1957-இலும் வெளியிட்ட ஆங்கில நூல்கள், சங்கப் பாட்டில் இயற்கை பெறும் இடத்தை முறையாக ஆராய்ந்தவை. இயற்கை எங்ஙனம் அகவுணர்வுக்குப் பின்னணியாகிறது, புலவர் அதனை எத்துணை நுட்பமாகக் கண்டனர் என்பவையே அவர்தம் வினாக்கள். பண்டையோர் காடு காத்தனர் என்று வழக்காடுவது அவர்தம் நோக்கமாக இருந்ததில்லை. பின்வந்தோர் சிலர் அவ்வரம்பினைக் கடந்து, ஈண்டு ஓரடியும் ஆண்டு ஈரடியும் பறித்தெடுத்து, அறிவிப்புப் பலகைக்கு ஏற்ற வாசகமாக்கி விடுகின்றனர்.

மலைபடுகடாம் இதற்கு இடந்தராது. பன்றி வரும் வழியிற் பொறி அமைத்திருக்கின்றனர். தினைப்புனங் காப்போர் யானையை வெருட்டக் கவண்கல் வீசுகின்றனர். கடமான், முள்ளம்பன்றி, உடும்பு ஆகியவற்றின் தசை விருந்தினர்க்குப் படைக்கப்படுகிறது. தேன் எடுக்கப்படுகிறது, கள் விளைகிறது, ஆலையிற் கரும்பு நெரிகிறது. மலையிற் கொள்ளத்தக்க எதனையும் அம்மக்கள் கொள்ளாது விட்டதாகத் தெரியவில்லை. புலி பாய்ந்து புண்பட்ட கணவர்க்காகக் கொடிச்சியர் பாடும் பாட்டும் மலையின் ஓசைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. மனிதரும் விலங்கும் ஒருவரையொருவர் அஞ்சியும் உண்டும் வாழும் மலை அது. காப்புக்காடு என்னும் இற்றைநாட் கருத்தினை அதன்மேல் ஏற்றுதல் பாட்டிற்கும் நன்றன்று, காட்டிற்கும் நன்றன்று என்பது எம் கருத்து.

அங்ஙனமாயின், நாள்தோறும் நாம் நிலத்தின்மேல் ஏற்றும் சுமையைக் குறைப்பது பற்றி எண்ணுவார்க்கு இப்பாட்டிற் பயன் ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. அப்பயன் பாட்டின் பொருளைக் காட்டிலும் அதன் அமைப்பிலே மிகுதியாக உள்ளது. ஆற்றுப்படையில் பேசுவான் சென்று வந்தவன். கேட்பான் இனிச் செல்பவன். கேட்பவன் அந்நிலத்திற்குப் புதியவன் என்பதைப் புலவர் ஓரிடத்தும் மறப்பதில்லை. இரவில் நடவாது பொழுது புலர்ந்தபின் நடக்க வேண்டும். பாம்பு உறையும் குழிகளை நோக்கிக் கடக்க வேண்டும். வழுக்கும் பாறையில் கொடியைப் பற்றிக்கொள்ள வேண்டும். இருட்டினால் மலைக்குகையில் தன் இல்லம் புக்கது போலத் தங்க வேண்டும். ஆயரிடம் சென்றால் ஆட்டுத்தோற் படுக்கையில், விலங்கு அணுகாமற் காக்கும் தீயைத் துணையாகக் கொண்டு இராப்பொழுதைக் கழிக்க வேண்டும். இவையெல்லாம் ஏவல் வாய்பாட்டில் வருகின்றன. வழிச்செல்வோன் தனக்கெனத் தங்கும் கூடமும் கேட்பதில்லை, விளக்கும் கேட்பதில்லை. அங்கே உள்ளதைக் கொண்டு கழிக்கிறான்.

இவற்றுள் ஓர் அறிவுரை எம்மைப் பெரிதும் ஈர்த்தது. கவர்த்த வழிகள் கூடும் இடத்திற்கு வந்தால், அவ்விடத்தை நீவித் துடைத்து, தாம் செல்லும் வழிக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துச் செல்க என்கிறார் புலவர். பின்னால் வருவோரும் அந்நிலத்திற்குப் புதியராதலின் அவர்க்கு அது வழிகாட்டும். நாற்பது ஆண்டுகளாக இப்பாட்டு வகுப்புகளில் சொல்லப்படுவதைக் கேட்டவர்களும் இவ்வடியைக் கடந்து நன்னனது கொடைக்கு விரைந்துவிடுதலைக் காண்கிறோம். கொடை எல்லா ஆற்றுப்படைக்கும் பொது. புல்முடிச்சு இப்பாட்டுக்குச் சிறப்பு. யாழும் முழவும் சுமந்து, மக்களையும் உடன்கொண்டு செல்லும் பெருங்கூட்டம் ஒன்று, மலைவழியில் தான் சென்றதற்கு விட்டுச்செல்லும் அடையாளம் இவ்வளவே. வேரோடு பறியாத புல் அது. முடிச்சு சில நாளில் அவிழும், அல்லது புல் காயும். அடுத்து வருவோன் மீண்டும் முடிய வேண்டும். செங்கம் வட்டாரத்து நடுகற்களை (அவை பற்றிய நூலைத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் வெளியிட்டது) நாம் பெரிதும் போற்றுகிறோம். பாட்டிலும் வழியோரத்து நடுகல்லைத் தொழுது செல்லுமாறு கூத்தர்க்குக் கூறப்படுகிறது. நடுகல் இறந்தானை நினைப்பித்தற்கு. புல்முடிச்சு வருவானை நினைத்தற்கு. முன்னது தொல்லியலுக்கு எட்டியது. பின்னது பாட்டில் மட்டும் எஞ்சியது.

உணவினை எடுத்துக்கொள்வோம். மூங்கிலரிசியும் அவரை விதையும் புளியும் கூட்டி அட்ட கூழ், பலாக்கொட்டை மாவு, மோர், மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறல் என விருந்துணவின் வகையை விரிவாகச் சொல்லும் புலவர், அதனைப் பரிமாறிய கலத்தைப் பற்றிப் பெரிதும் பேசுவதில்லை. பேச வேண்டிய தேவை அவர்க்கு இல்லை. பத்துப்பாட்டின் மற்றோர் ஆற்றுப்படையாகிய பெரும்பாணாற்றுப்படை, எயினர் விருந்தினர்க்குத் தேக்கிலையிற் சோறு குவித்துத் தருவதைக் கூறுகிறது. அதன் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். நாட்டின் வடபாற் பகுதியில் மந்தாரையிலை தைத்த தையல் இலையும், பதநீர் பருகப் பனையோலையில் மடித்த பட்டையும் நம் காலம் வரை வழங்குகின்றன. உண்ட பின் அக்கலம் என்னவாகும் என்பதைப் புலவன் சொல்லவேண்டாத உலகம் அது. ஆடு தின்னும், அல்லது மண் தின்னும்.

இனி அண்ணாமலைக்கு வருவோம். மலையைச் சுற்றிய பாதை 14 கிலோமீட்டர். எட்டுத் திசை இலிங்கங்களும் பல தீர்த்தக் குளங்களும் அதன் ஓரத்தே உள்ளன. முழுநிலவுதோறும் இலட்சக்கணக்கானோர் வெறுங்காலுடன் நடக்கின்றனர். திருக்கார்த்திகையிலும் சித்திரை முழுநிலவிலும் தொகை இன்னும் பெருகும். மறுநாள் விடியலில் அப்பாதையின் இருமருங்கும் கிடப்பவற்றை உள்ளூரார் நன்கறிவர். குவளை, தட்டு, நீர்ப்புட்டில், சாம்பாரும் சோறும் ஒட்டிய உறை என அவை பலவகை.

இக்குப்பையைக் கண்டு வருந்தி எழுதுவோர் பெரும்பாலும் மக்களின் ஆடம்பரத்தையும் பொறுப்பின்மையையும் பழிக்கின்றனர். இஃது ஆராயாது கூறும் கூற்று. வலம் வருவோன் ஆடம்பரமாக வருவதில்லை. காலிற் செருப்பும் இன்றி வருகிறான். அங்குச் சேரும் குப்பையில் பெரும்பகுதி அறத்தினின்று பிறந்தது. தண்ணீர்ப் பந்தல், மோர், புளிச்சோறு, கேசரி, பால் எனத் தம் கைப்பொருளைச் செலவிட்டு ஊர்தோறுமிருந்து வந்து வழியோரத்தில் நின்று கொடுப்போர் பலர். ஓர் இலட்சம் பேர் ஆளுக்கு மூன்று முறை நீர் பருகினால் ஓரிரவில் மூன்று இலட்சம் குவளை வேண்டும். தாகத்தைத் தணித்த கை அதே பொழுதில் மூன்று இலட்சம் குவளையை வழியிற் பரப்பிவிடுகிறது. கொடுப்போன் தன் அறம் சோறு கைமாறிய அளவில் முடிந்தது என்று கருதுகிறான். உண்போன் தன் பங்கு உண்டு வாழ்த்தும் அளவில் முடிந்தது என்று கருதுகிறான். இருவரும் நல்லவர். இருவர்க்கும் இடையே கிடக்கும் கலம் மட்டும் யாருடையதும் அன்று.

அரசு செய்ததையும் கூறவேண்டும். 2018 சூன் திங்களில் பிறந்த ஆணையின்படி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள் 14 வகை 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் விலக்கப்பட்டன. நெகிழி பூசிய காகிதக் குவளையும் தட்டும் அவற்றுள் அடங்கும் என்பதைப் பலர் அறியார். காகிதம் என்றெண்ணி மனநிறைவு கொள்கின்றனர். நீர்ப்புட்டில் அவ்விலக்கினுள் அடங்கவில்லை. 2021 திசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கம் தொடங்கப்பெற்றது. திருக்கார்த்திகைக் காலத்தில் அன்னதானம் செய்வோர்க்கு முன்னிசைவும் நெகிழி விலக்கும் விதிக்கப்படுகின்றன. இவை வேண்டியவையே. ஆயினும் தடையாணை கொடுப்போனைக் குற்றவாளியாக்கும். கொடையின் இலக்கணத்தை விரிவாக்காது. கலத்தையும் கொடையின் ஓர் உறுப்பாகக் கொள்ளும் எண்ணம் வளர்ந்தாலன்றி, ஒரு பொருள் விலக்கப்பட, மற்றொரு பொருள் அவ்விடத்தில் வந்து அமரும்.

எல்லோர்க்கும் தையல் இலை என்பார் உளர். யாம் அதனை விரும்பினும், அத்தனை இலட்சம் இலைக்கு எத்தனை மந்தாரை வேண்டும் என்பதையும் அவர் எண்ணுதல் நன்று. நெகிழியோடு கலந்து குவிக்கப்பெற்ற இலையும் உரமாகாது. உண்மையில் எளிதாவது வலம் வருவோன் கையில் ஒரு சொம்போ குவளையோ இருத்தலே. கட்டுச்சோற்று மூட்டையும் சொம்புமாக வலம் வந்தவர்களைக் கண்ட முதியோர் இவ்வூரில் இன்னும் உள்ளனர். புதியதோர் இடத்திற்குச் செல்வோன் தான் விருந்தினன் என்பதை அறிந்து புறப்படுதல் என்னும் ஆற்றுப்படைக் கருத்து, இங்கு ஒரு சொம்பின் அளவில் வந்து நிற்கிறது.

மலைபடுகடாம் என்னும் பெயர்க்காரணமும் ஈண்டு நினைக்கத்தக்கது. மலையை யானையாகவும், அதன்கண் எழும் பல்வகை ஓசையை அவ்யானையின் மதமாகவும் கொண்டமையால் இப்பெயர் வந்தது என்று உரை கூறும். மதம் பட்ட யானையை அணுகுவோன் அதன் குறிப்பறிந்தே அணுகுவான். 2024 திசம்பர் 1 அன்று, புயல்மழையில் அண்ணாமலைச் சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து, அடிவாரத்துக் குடியிருப்பில் எழுவர் உயிர் நீத்தனர். அவ்வாண்டுத் தீபத்தன்று பொதுமக்கள் மலையேற விடப்படவில்லை. சரிவில் வீடு பெருகுவதற்கும் வழியிற் குவளை பெருகுவதற்கும் காரணம் வேறு வேறு. மலையை உயிரற்ற மேடையாகக் கருதும் மனப்பாங்கு மட்டும் இரண்டிற்கும் பொது.

மறுபுறம், கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதி தொடங்கி இம்மலையில் மரம் நட்டு வருவோரும் உளர். மொட்டையாகக் கிடந்த சரிவுகள் பல இன்று பசுமை பூத்துள்ளன. அவர்தம் பெரும்பாடு நடுவதில் இல்லை, தீயைத் தடுப்பதில். மலை முழுதும் வளரும் எலுமிச்சைப்புல் கோடையிற் காய்ந்து நிற்க, எறிந்த ஒரு தீக்குச்சி பல்லாண்டு உழைப்பினை ஒரு பகலில் அழிக்கும். பாட்டில் வழிகாட்டி நின்றதும் புல்லே. இம்மலையில் தீயைச் சுமந்து செல்வதும் புல்லே. ஆதலின் கோடைக்கு முன்னரே புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கின்றனர். ஆண்டுதோறும் அது வளரும்; ஆண்டுதோறும் அறுக்க வேண்டும்.

தீயென்றால் வெறுப்பதற்கில்லை. இம்மலையின் பெருமையே தீயால் வந்தது. கார்த்திகைத் தீபம் பல்லாயிரவர் அளித்த நெய்யையும் நீண்ட துணித்திரியையும் கொண்டு உச்சியிற் பதினொரு நாள் எரிகிறது. சிக்கனம் பேசுவோர் இதனையும் வீண்செலவு என்பர். யாம் அங்ஙனம் கருதவில்லை. எஞ்சுவது யாது என்பதே எம் வினா. தீபம் நிறைந்தபின் செப்புக் கொப்பரை மலையினின்று இறக்கப்பட்டு, அடுத்த ஆண்டிற்கென வைக்கப்படுகிறது. அதிற் படிந்த மை திரட்டப்பட்டு, மார்கழித் திருவாதிரையன்று நடராசப் பெருமானுக்குச் சாத்தப்பெறுகிறது. பின்னர் அம்மை அன்பர்க்கு வழங்கப்படுகிறது. நெற்றியில் இட்டுக்கொண்டு போகின்றனர்.