நாலு கம்பியும் ஒரு சட்டியும்

கல்லூரி ஹாஸ்டலில் எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. பிடித்த பேஸ் வாசிப்பவர், கிதார் வாசிப்பவர், ட்ரம்ஸ் வாசிப்பவர் எல்லோரையும் சேர்த்து அஞ்சே அஞ்சு பேர் எழுத வேண்டும். பிறகு ஒருத்தன் லிஸ்ட்டை இன்னொருத்தன் கிழி கிழியென்று கிழிப்பான். என் லிஸ்ட்டில் லெட் செப்பலினின் ஜான் பால் ஜோன்ஸ், தி க்ளாஷின் பால் சிமனன், ரமோன்ஸின் டீ டீ ரமோன் எல்லாம் நிரந்தர உறுப்பினர்கள். ஒரு நாள் ஜூனியர் பையன் ஒருத்தன் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏன்ணா, நம்மூர்ல யாருமே இல்லியா?"

"இளையராஜா," என்றேன்.

"அவரு மியூசிக் டைரக்டர்ணா. வாசிச்சது யாரு?"

எனக்குத் தெரியவில்லை. டீ டீ ரமோன் எல்லா நோட்டையும் மேலிருந்து கீழாகவே அடிப்பார் என்று தெரியும். பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டிருக்கும் பாட்டுகளில் வாசித்தவர்கள் யார் என்று தெரியாது. அந்தக் கேள்விக்கு என் பதில் பதினைந்து வருஷம் லேட்.

முதலில் ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம். நாலு கம்பி பேஸ் கிதாரின் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. நங்கநல்லூரில் எங்கள் வீட்டு டூ-இன்-ஒன்னின் சின்ன ஸ்பீக்கருக்கு அந்த ஒலியை வெளியே தள்ளும் திராணி கிடையாது. மேலே வரும் துணை அதிர்வுகளை வைத்து மூளை ஒப்பேற்றிக்கொள்ளும். போதாக்குறைக்கு பக்கத்திலேயே விமான நிலையம். இடைவெளிவிட்டு ஒரு விமானம் தாழப் பறந்து மிச்சமிருக்கும் கீழ்ஸ்தாயியையும் தின்றுவிடும். ஆக, ராஜாவின் பாட்டுகளை நான் வளர்ந்த வயசு முழுக்க இடுப்புக்கு மேலேதான் கேட்டிருக்கிறேன். குரல், வயலின், புல்லாங்குழல், அவ்வளவுதான்.

முதல் சம்பளத்தில் ஒரு நல்ல ஹெட்ஃபோன் வாங்கினேன். 'மௌன ராகம்' (1986) படத்தின் 'மன்றம் வந்த தென்றலுக்கு' பாட்டைப் போட்டேன். எஸ்.பி.பி. பாடிக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கீழே இன்னொருத்தர், நாலு கம்பியில், வேறொரு பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார். துணைக்கு நடக்கிற மாதிரி இல்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் சொல்கிற மாதிரி இருந்தது. ஆபீஸ் கேபில் உட்கார்ந்து, கத்திப்பாரா வருவதற்குள் நாலு தடவை கேட்டேன்.

அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன். ராஜாவின் குழுவில் பேஸ் சசிதரன். கிதார் சதானந்தம். ட்ரம்ஸ் புருஷோத்தமன். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வில் அந்தக் கிதார் வாசித்தவர் சந்திரசேகர், புருஷோத்தமனின் சகோதரர். ஊரில் கிதார் கற்றுக்கொள்கிற பாதிப் பேர் அந்த முகப்பு இசையில் கைவைத்துப் பார்த்திருப்பார்கள். வாசித்தவர் பெயரைக் கேட்டால் முழிப்பார்கள். நானும் முழித்தவன்தான்.

இங்கே நியாயமான ஒரு எதிர்க்கேள்வி வரும். ராஜா ஒவ்வொரு நோட்டையும் தானே எழுதித் தருகிறவர். வாத்தியக்காரர்கள் தங்கள் பகுதியைப் பிரதியெடுத்து, ஒத்திகை பார்த்து, வாசித்துவிட்டுப் போகிறார்கள். அப்படியிருக்க சசிதரனைக் கொண்டாடுவது தட்டச்சு செய்தவரைக் கொண்டாடுவது போல ஆகாதா?

ரொம்ப நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு செகண்ட் ஹேண்ட் பேஸ் வாங்கி, மொட்டை மாடியில் உட்கார்ந்து அந்தப் பாட்டை வாசித்துப் பார்த்தேன். நோட்டு எல்லாம் சரி, பாட்டு மட்டும் வரவில்லை. ஏனென்றால் பேஸில் முக்கியமான வேலை ஒலியை எப்போது ஆரம்பிப்பது என்பதை விட எப்போது நிறுத்துவது என்பதில் இருக்கிறது. எந்த விரல் எப்போது கம்பியை விட்டு எழும்புகிறது, ட்ரம்ஸின் உதை விழுந்த பிறகு எத்தனை நூலிழை தாமதிக்கிறது, இதையெல்லாம் எந்தத் தாளிலும் முழுசாக எழுத முடியாது. அதுவும் எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்து ஒலிப்பதிவு செய்த காலம். ஒருத்தர் தப்பு செய்தால் அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து. வெட்டி ஒட்டித் திருத்த வழியில்லை. கோடு எழுதுகிற என்னைப் போன்றவன் ஒரு நாளில் எத்தனை தடவை 'அன்டூ' அழுத்துகிறான் என்று யோசித்தால் அந்த விரல்கள் மேல் பயம் கலந்த மரியாதை வருகிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். மோடவுன் நிறுவனத்தின் எத்தனையோ வெற்றிப் பாட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயர் உறையில் அச்சாவதற்கு மார்வின் கேயின் 1971 ஆல்பம் வரவேண்டியிருந்தது. நம் ஊரில் உறையில் பெயர்கள் பரவலாக வர ஆரம்பித்தது ரஹ்மான் காலத்தில். பேஸ் கீத் பீட்டர்ஸ் என்று நான் முதலில் படித்தது அங்கேதான்.

இனி பங்க் பக்கம் வருகிறேன். 1976-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரமோன்ஸின் முதல் ஆல்பம் வந்த வருஷம். லண்டனில் தி க்ளாஷ் தொடங்கிய வருஷம். 'அன்னக்கிளி' வந்த வருஷமும் அதுதான். க்ளாஷில் சேரும்போது பால் சிமனனுக்கு பேஸ் வாசிக்கவே தெரியாது. எந்த இடத்தில் எந்த நோட்டு என்று கழுத்துப் பகுதியில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தார். கோடம்பாக்கத்தில் நோட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கத் தெரியாதவருக்கு நாற்காலியே கிடையாது. ஹாஸ்டலில் எனக்கு முதல் ஆள் சுதந்திர வீரன், இரண்டாவது ஆள் குமாஸ்தா. இன்று அப்படிப் பிரிக்க முடியவில்லை. ஆனால் பங்க் எழுப்பிய கேள்வி மட்டும் பாக்கியிருக்கிறது: யார் கையில் இருந்தால் அது வாத்தியம், யார் கையில் இருந்தால் அது சத்தம்?

இந்தக் கேள்விக்கு என் ஊரில் பதில் கேட்டது 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயர் அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய 'சாதிபேதமற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அறிவு, இசைவாணி இவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, எழுத வேண்டியதுதான். ஆனால் நான் படித்த விமர்சனங்களில் பெரும்பாலானவை பாட்டு வரிகளோடு நின்றுவிட்டன. மேடையில் ட்ரம் கிட்டுக்கும் எலெக்ட்ரிக் கிதாருக்கும் பக்கத்தில், அதே மைக், அதே வெளிச்சத்தில் சட்டியும் கட்ட மோளமும் பறையும் நின்றன. சட்டி சரத், கட்ட மோளம் கௌதம், பறை நந்தன். இந்தப் பெயர்கள் வரிகளுக்கு அடியில் போய்விட்டன. அரசியல் பாட்டிலும் நாம் இடுப்புக்கு மேலேதான் கேட்கிறோம் போல.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெரு வழியாக சாவு ஊர்வலம் போகும்போது வீட்டில் யாராவது "ஜன்னலச் சாத்துடா" என்பார்கள். நான் சாத்தியிருக்கிறேன். சாத்திவிட்டு உள்ளே வந்து ஹெட்ஃபோனில் லண்டன் தொழிலாளி வர்க்கத்தின் கோபத்தை ரசித்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே இருந்த ட்ரம்மர்களைக் கேட்க எனக்கு ஒரு மேடையும் ஸ்பான்சரும் சவுண்ட் இன்ஜினியரும் தேவைப்பட்டார்கள். அந்தக் குழுவின் பெரிய சாதனை அதுதான். என் ரசனையின் பெரிய ஓட்டையும் அதுதான்.

இப்போது என் லிஸ்ட் இப்படி இருக்கிறது. சசிதரன். சந்திரசேகர். புருஷோத்தமன். பால் சிமனன், பழைய பாசத்துக்காக. அஞ்சாவது இடம் ஒரு சட்டிக்காரருக்கு. போன மாசம் ஊர்வலம் ஒன்று எங்கள் தெருவில் திரும்பியபோது ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டேன். மோளம் ஒரே கதியில் போய்க்கொண்டிருக்க, அவர் அதற்குள் புகுந்து குறுக்கே வெட்டி, மூன்று சுற்று கழித்து சரியான இடத்தில் வந்து விழுந்தார். இறங்கிப் போய் பெயர் கேட்டிருக்கலாம். சாவு எடுக்கிற இடத்தில் போய் இதை எப்படிக் கேட்பது என்று நின்றுவிட்டேன். அது சாக்கு என்றும் தெரியும். அதனால் அஞ்சாவது இடத்தில் இன்னும் பெயர் எழுதவில்லை.