மிஸோகுச்சியின் பரிவும் தனாகாவின் கேமராவும்

பெண்களின் துயரத்தைப் படமாக்கியவர் என்றே கென்ஜி மிஸோகுச்சியை (1898–1956) அறிமுகப்படுத்துவார்கள். தவறில்லை. குடும்பம் நொடித்தபோது தத்துக் கொடுக்கப்பட்ட அவருடைய அக்கா சுஸு, பின்பு கெய்ஷா ஆனார். தம்பியைத் தாங்கியவரும் அவரே. ஒரு பெண் விலைபோக ஓர் ஆண் மேலேறும் கதையை மிஸோகுச்சி திரும்பத் திரும்பச் சொன்னதன் வேர் இங்கே இருக்கலாம்.

1936இல் அந்தக் கதையில் கோபம் இருந்தது. 'ஒசாகா எலிஜி'யின் அயாகோ, மருந்துக் கம்பெனியில் தொலைபேசி ஆபரேட்டர். அப்பாவின் கடனுக்காக முதலாளிக்கு ஆசைநாயகி ஆகிறாள். அண்ணனின் படிப்புச் செலவும் அவள் தலையில்தான். போலீஸில் மாட்டி வீடு திரும்பினால் அதே குடும்பம் அவளோடு உட்கார்ந்து சாப்பிடக் கூசுகிறது. வெளியேறி, நேரே கேமராவை நோக்கி நடந்து வருகிறாள். அழவில்லை.

பிற்காலப் படங்களில் இந்த நடை இல்லை. 'சன்ஷோ தி பெய்லிஃப்' (1954) படத்தில் அண்ணன் தப்பிக்கட்டும் என்று ஆஞ்ஜு ஏரியில் இறங்குகிறாள். நீர்வளையங்கள் மட்டும் மிஞ்சும் அந்தக் காட்சியைப் போற்றாத விமர்சகர் அரிது. எனக்கு அந்த அழகின் மீதுதான் சந்தேகம். தங்கையின் சாவை இத்தனை அமைதியாகக் காட்டினால் அதைக் கேள்வி கேட்க யாருக்குத் தோன்றும்?

அதே படத்தில் தாயாக நடித்தவர் கினுயோ தனாகா. 'ஒஹாருவின் வாழ்க்கை' (1952) உட்பட மிஸோகுச்சியின் பெண்களுக்கு உடலும் குரலும் கொடுத்தவர். 1953இல் 'காதல் கடிதம்' படத்தைத் தானே இயக்கினார். இரண்டாவது படத்துக்கு முனைந்தபோது எதிர்த்தவர், இயக்குநர் சங்கத் தலைவராக இருந்த மிஸோகுச்சிதான். திரையில் துன்பப்படும் பெண்ணுக்கு அவரிடம் இடம் இருந்தது. இயக்குநர் நாற்காலியில் உட்கார விரும்பியவளுக்கு இல்லை. ஓஸுவின் திரைக்கதையோடு தனாகாவின் படம் 1955இல் எப்படியும் வந்தது.

மிஸோகுச்சியின் கடைசிப் படம் 'அவமானத் தெரு' (1956), யோஷிவாராவின் விடுதி ஒன்றில் நிகழ்கிறது. புதிதாக வந்த சின்னப் பெண் முகத்தைப் பாதி மறைத்தபடி வாடிக்கையாளரை அழைப்பதோடு படம் முடிகிறது. பாலியல் தொழில் தடுப்புச் சட்டம் அதே ஆண்டு நிறைவேறியது.

தனாகாவின் 'இரவின் பெண்கள்' (1961) அந்தச் சட்டத்துக்குப் பிறகு தொடங்குகிறது. திரைக்கதையும் ஒரு பெண்ணுடையது: சுமியே தனாகா. மறுவாழ்வு இல்லத்திலிருந்து வெளிவரும் குனிகோ மளிகைக் கடையில் வேலை செய்கிறாள், பிறகு தொழிற்சாலையில். பழைய கதை தெரிந்ததும் அவளை வதைப்பவர்கள், கூட வேலை செய்யும் பெண்கள். அவள் சாகவில்லை. அடுத்த வேலை தேடிப் போகிறாள்.